ரூகர் 10/22: முதல் துப்பாக்கி வாங்கப் போகிறவர்களுக்கு

டெக்சஸில் இருக்கும் நம்மாட்கள் யாராவது "அக்கா, துப்பாக்கி வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லது?" என்று கேட்டால் நான் சொல்லும் பெயர் ஒன்றுதான். ரூகர் 10/22. கேட்பவர் மனதில் இருப்பது வேறாக இருக்கும்: கடைக்காரர் காட்டிய 9 எம்.எம். கைத்துப்பாக்கி, இல்லாவிட்டால் யூடியூபில் பார்த்த, இராணுவ ரைஃபிள் சாயலில் இருக்கும் ஏ.ஆர்.-15. நான் சொல்வதோ .22 தோட்டா போடும், இரண்டேகால் கிலோ எடையுள்ள சின்ன ரைஃபிள். "அது சின்னப் பிள்ளைங்க சுடுறதாச்சே?" என்பார்கள். ஆமாம், இந்த நாட்டில் பிள்ளைகள் சுடக் கற்றுக்கொள்வது பெரும்பாலும் .22-இல்தான். பெரியவர்களும் அதில்தான் தொடங்க வேண்டும்.

நான் ஆஸ்டினுக்கு வடக்கே ஒரு மருத்துவமனையின் எமர்ஜென்சியில் இரவு ஷிப்ட் பார்க்கும் நர்ஸ். பிறந்தது சிறுமலை அடிவாரம். காட்டுப்பன்றி விரட்ட தாத்தாவிடம் லைசென்ஸோடு ஒரு ஒற்றைக்குழல் இருந்தது. தேர்தல் அறிவித்துவிட்டால் அதைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து, ரசீது வாங்கி வருவார். அதை நான் தொட்டதுகூட இல்லை. நான் முதலில் சுட்டது கல்லூரி என்.சி.சி.யில், குப்புறப் படுத்து, .22 ரைஃபிளில். "விசைய இழுக்காதம்மா, அமுத்து. எப்ப வெடிக்கும்னு உனக்கே தெரியக்கூடாது" என்று எங்கள் ஹவில்தார் சொன்னது இன்றைக்கும் ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் திடலில், படுத்தால் காதில் கேட்கும்.

இனி துப்பாக்கி. 10/22 வெளிவந்தது 1964-இல். ரூகர் கம்பெனியை பில் ரூகரும் அலெக்சாண்டர் ஸ்டர்மும் சேர்ந்து 1949-இல் கனெக்டிகட்டில் தொடங்கினார்கள். அறுபது வருடத்துக்கு மேலாகியும் அடிப்படை மாறாமல் இந்த மாடல் இன்னும் தயாராகிறது. விற்றது 50 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. என்னிடம் இருப்பது தோளில் வைக்கும் மரக்கட்டை போட்ட சாதாரண கார்பைன் (நீளம் குறைந்த ரைஃபிள்): பதினெட்டரை அங்குல பேரல் (குழல்), மொத்த நீளம் 37 அங்குலம். ஒவ்வொரு முறை ட்ரிகரை அமுக்கும்போதும் ஒரு தோட்டா போகும், காலிக் கூடு வெளியே விழும், அடுத்தது தானாக ஏறும். அதுதான் செமி ஆட்டோமேட்டிக். பொத்தானை அழுத்திப் பிடித்தால் பொழிந்து தள்ளும் என்று நம் ஊரில் நினைக்கிறார்களே, அது வேறு வகை, அதற்குச் சட்டமும் வேறு.

இந்தத் துப்பாக்கியின் உயிர் அதன் மேகசினில் இருக்கிறது. பத்துத் தோட்டா கொள்ளும், உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னப் பெட்டி. .22 தோட்டாவின் அடியில் ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். சாதாரணப் பெட்டி மேகசினில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் பின்னால் மாட்டிக்கொண்டால் தோட்டா ஏறாது, இடையில் சிக்கும். இதில் அந்தப் பிரச்சினையே எழாத மாதிரி, உள்ளே சுழலும் உருளையில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனிப் பள்ளம் வைத்திருக்கிறார்கள். திருவிழா ராட்டினத்தில் ஆளுக்கொரு தொட்டில் இருப்பது போல. ஒன்று இறங்கினால்தான் அடுத்தது முன்னால் வரும், ஒன்றையொன்று இடிக்காது. தோட்டா வெளியேறும் வாய்ப்பகுதி எஃகால் ஆனது, அதனால் சீக்கிரம் தேயாது. கட்டைக்குக் கீழே துருத்திக்கொண்டும் நிற்காது. நடுவில் பிடித்துத் தூக்கினால் கையில் எதுவும் இடறாமல் ரைஃபிள் சமமாக நிற்கும்.

பேரலைப் பிடித்திருப்பது இரண்டே திருகாணிகள். ட்ரிகர் தொகுதியைக் கழற்ற இரண்டு பின். உள்ளே என்ன நடக்கிறது என்று சமையல் மேசையில் துணி விரித்துப் பார்த்துவிடலாம். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. போல்ட் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி மூடும் இரும்புக் கட்டி), சுருள், சுத்தியல், பின் என்று ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்பதை அவள் சுடுவதற்கு முன்பே கற்றுக்கொண்டாள். உள்ளே இருப்பது தெரிந்த பிள்ளைக்கு அந்தப் பொருளின் மேல் மர்மம் இருக்காது. மரியாதை இருக்கும்.

எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும் ட்ரிகர் கனம். அமுத்தும்போது ரைஃபிள் அசைந்துவிடும் அளவுக்குக் கனம். ரூகரே பி.எக்ஸ். என்று ஒரு ட்ரிகர் தனியாக விற்கிறது. இரண்டரையிலிருந்து மூன்று பவுண்டு அழுத்தத்திலேயே விடும். ரைஃபிள் வாங்கிய கையோடு மாற்றாதீர்கள். கனமான ட்ரிகரில் சில மாதம் பழகி, குறி ஓரிடத்தில் கூடத் தொடங்கிய பிறகு மாற்றினால் அதன் அருமை தெரியும்.

முன்னே தங்க நிற மணி, பின்னே மடக்குத் தகடு என்று வரும் பார்வைக்குறியும் எனக்கு ஒத்துவரவில்லை. இடம் வலம் சரிசெய்ய தட்டித் தட்டி நகர்த்த வேண்டும். டெக் சைட்ஸ் போன்ற துளைப் பார்வைக்குறி போட்டுக்கொண்டால் என்.சி.சி.யில் பழகியவர்களுக்குக் கண் உடனே பொருந்தும். கடைசித் தோட்டா போனதும் போல்ட் திறந்து நிற்காது என்பதுதான் பெரிய குறை. காலியான அறையில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) 'டிக்' என்று அடித்த பிறகுதான் தெரியும். பாதுகாப்பு என்று பார்த்தாலும் இது முக்கியம்: மேகசினைக் கழற்றிவிட்டோம் என்பதற்காகக் காலி என்று நினைக்கவே கூடாது. போல்ட்டை இழுத்து, கண்ணால் பார்த்து, சுண்டு விரலால் தொட்டும் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு பேர் பார்ப்போம்.

குள்ளமானவர்கள் ஒன்று கவனியுங்கள். சாதாரண மாடலின் கட்டை நீளம், அதாவது ட்ரிகரிலிருந்து தோளில் பதியும் முனை வரை, பதின்மூன்றரை அங்குலம். ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் எனக்கே அது நீளம்தான், குளிர்கால ஜாக்கெட் போட்டால் தோளில் சரியாக உட்காராது. காம்பாக்ட் என்ற மாடலில் கட்டை 12.75 அங்குலம், எடையும் குறைவு. நம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதுவே சரி.

தோட்டா விலைதான் இந்த ரைஃபிளை வாங்கச் சொல்வதற்கான பெரிய காரணம். .22 ஒன்று ஏறக்குறைய ஏழு முதல் பத்து சென்ட். 9 எம்.எம். அதைப் போல மூன்று மடங்கு. அதே காசுக்கு மூன்று மடங்கு பழகலாம். தோளில் உதை கிடையாது, அதனால் வெடிக்கும் முன்பே உடம்பைச் சுருக்கிக்கொள்ளும் கெட்ட பழக்கம் ஒட்டாது. பெரிய துப்பாக்கியில் தொடங்கியவர்களிடம் அந்தப் பழக்கத்தை ரேஞ்சில் பக்கத்துப் பாதையிலேயே பார்க்கிறேன். ட்ரிகரைத் தொடும்போதே கண் மூடிவிடுகிறது.

மொத்த டப்பாவில் வரும் மலிவுத் தோட்டாவில் சில வெடிக்காது. .22-இல் பற்றவைக்கும் மருந்து நடுவில் இல்லை, அடி விளிம்புக்குள் சுற்றிலும் இருக்கிறது. அது ஓரிடத்தில் பரவாமல் விட்டிருந்து அங்கே ஊசி அடித்தால் சத்தமே வராது. அப்படி நடந்தால் குழலை டார்கெட் பக்கமே பிடித்துக்கொண்டு முப்பது விநாடி காத்திருங்கள், பிறகு போல்ட்டை இழுங்கள். நான் வாங்குவது சி.சி.ஐ. மினி மேக், குண்டின் எடை 40 கிரெய்ன். ஐடஹோவின் லூயிஸ்டனில் செய்கிறார்கள். 10/22 அதை மறுப்பே இல்லாமல் தின்னும். .22 சத்தம் சின்னது என்று காதுக்கவசம் போடாமல் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. செவி நரம்பு கெட்டால் திரும்ப வராது. இன்னொன்று ஈயம். .22 குண்டு பெரும்பாலும் வெறும் ஈயம்தான். மூடிய ரேஞ்சில் சுட்டுவிட்டுக் கை கழுவாமல் சாப்பிடாதீர்கள். அந்த உடுப்போடு கைக்குழந்தையைத் தூக்காதீர்கள். கர்ப்பிணிகள் மூடிய ரேஞ்சுக்குப் போகவே வேண்டாம்.

அரசியல் பேசாமல் இந்த நாட்டில் துப்பாக்கியைப் பற்றி எழுத முடியாது. ஆரம்பிக்க வேண்டிய இடமும் இந்தக் கம்பெனியிலேயே இருக்கிறது. 1989-இல் பில் ரூகர் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் எல்லோருக்கும் ஒரு கடிதம் அனுப்பினார். துப்பாக்கி வகைகளைத் தடை செய்வதற்குப் பதிலாக, பதினைந்து தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின்களைத் தடை செய்யுங்கள் என்றார். துப்பாக்கிப் பிரியர்களில் பலர் அதை இன்றைக்கும் மன்னிக்கவில்லை. 1994-இல் வந்த கூட்டாட்சித் தடை பத்துத் தோட்டா என்று எல்லை போட்டது, 2004-இல் காலாவதியானது. ரூகர் 2002-இல் இறந்துவிட்டார். பிறகு 2011-இல் அதே கம்பெனி 10/22-க்கு இருபத்தைந்து தோட்டா மேகசினை விற்கத் தொடங்கியது. கலிபோர்னியாவில் பத்துக்கு மேல் கூடாது. டெக்சஸில் கட்டுப்பாடே இல்லை.

அந்த இருபத்தைந்து மேகசின் என்னிடம் இல்லை, வாங்கப் போவதும் இல்லை. குப்புறப் படுத்தால் தரையில் இடிக்கும். அதைவிட, பத்துத் தோட்டா ஒருவரை யோசிக்க வைக்கும். பத்து முடிந்ததும் நிறுத்தி, டார்கெட்டைப் பார்த்து, என்ன தவறு என்று கண்டுபிடித்து, மறுபடி நிரப்ப வேண்டும். கற்றல் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. ஆனால் சட்டம் போட்டுப் பத்துக்குமேல் தடை செய்ய வேண்டுமா என்று கேட்டால், நாடு முழுதும் ஏற்கனவே கோடிக்கணக்கில் புழங்கும் பொருளை அப்படி ஒழித்துவிட முடியும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. துப்பாக்கி வைத்துக்கொள்வது தனிமனித உரிமை என்று 2008-இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். அந்த உரிமைக்கு எல்லை உண்டு என்றும் அதே தீர்ப்பில் எழுதியிருக்கிறது. உரிமை பேசுபவர்களில் பலர் அந்த வரியை மேற்கோள் காட்டுவதில்லை.

வயது விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2022 மே 24 அன்று டெக்சஸின் யுவால்டி என்ற ஊரில் ஒரு பள்ளியில் பத்தொன்பது குழந்தைகளையும் இரண்டு ஆசிரியைகளையும் கொன்றவன் பதினெட்டு வயது முடிந்த கையோடு கடையில் சட்டப்படி வாங்கிய ஏ.ஆர். வகை ரைஃபிளோடு வந்தான். கடையில் கைத்துப்பாக்கி வாங்க இருபத்தொன்று, அந்த மாதிரி ரைஃபிள் வாங்கப் பதினெட்டு என்பதில் எந்த நியாயமும் இல்லை. 2023-இல் அதை இருபத்தொன்றாக்கும் மசோதா டெக்சஸ் சட்டமன்றக் குழுவில் நிறைவேறியது. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் நேரில் வந்து கேட்டும் அது அவையில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. துப்பாக்கியை நேசிக்கிற நாங்கள்தான் முதலில் இதைக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டேன், என் தொகுதி உறுப்பினருக்கு எழுதினேன், இன்னும் எழுதுவேன். அந்தச் சட்டம் வந்தால் என் மகள் .22-இல் பழகுவதற்கு ஒரு பங்கமும் இல்லை.

ஊரில் தேர்தல் வந்தால் துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போகும். இங்கே தேர்தல் வந்தால் கடையில் கூட்டம் சேரும். இந்தக் கட்சி ஜெயித்தால் பிடுங்கிவிடுவார்கள் என்று ஒரு பயம், அந்தக் கட்சி ஜெயித்தால் கலவரம் வரும் என்று இன்னொரு பயம். 2020-இல் இரண்டும் போதாதென்று கொரோனாவும் சேர்ந்துகொண்டது. தோட்டாவுக்குக் கடைகளில் ஆளுக்கு இவ்வளவு என்று அளவு வைத்தார்கள். அந்த வருடம் வாழ்க்கையில் முதல் முறையாகத் துப்பாக்கி வாங்கியவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். எனக்குத் தெரிந்த சில வீடுகளில் அந்தக் கைத்துப்பாக்கி அலமாரியில் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. ஒரு நாள்கூடச் சுட்டுப் பழகவில்லை. 2021 செப்டம்பரிலிருந்து டெக்சஸில் லைசென்ஸ் வகுப்புக்கூட இல்லாமல் இடுப்பில் மாட்டிக்கொண்டு போகலாம் என்று சட்டம் வேறு வந்துவிட்டது. பயந்து வாங்கிப் பழகாமல் வைத்திருக்கும் துப்பாக்கியைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். திருடனை விட அதிகமாக.

காரணம் என் வேலை. அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. செய்தியில் வருவது அதுவல்ல. துப்பாக்கியால் முயன்றவர்களில் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. வேறு வழிகளில் முயன்று எங்களிடம் வந்து பிழைத்தவர்களில் அநேகர் திரும்ப முயல்வதில்லை. மனம் உடைந்து நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தைக் கடந்துவிட்டால் மனிதர் தப்பித்துவிடுகிறார். ஆகவே பூட்டு. ரைஃபிள் வாங்கும் அதே நாளில் எஃகுப் பெட்டியும் வாங்குங்கள். இரண்டுக்கும் சேர்த்துக் காசு இல்லையென்றால் ரைஃபிளைத் தள்ளிப்போடுங்கள். தோட்டா வேறு அறையில், வேறு பூட்டில். சாவி இருக்கும் இடம் பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது. பதினேழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில் சுடத் தயாராக இருக்கும் துப்பாக்கி எட்டும்படி விட்டால் டெக்சஸில் குற்றம். வீட்டில் யாருக்காவது மனம் சரியில்லை, வேலை போய்விட்டது, விவாகரத்து நடக்கிறது என்றால் துப்பாக்கியைச் சில மாதம் வெளியே வையுங்கள். என் தோழி ஒருத்தியின் ரைஃபிள் இப்போது என் பெட்டியில் இருக்கிறது. அவளாகவே கொண்டுவந்து கொடுத்தாள். அவள் மேல் எனக்குள்ள மதிப்பு அன்றைக்குக் கூடியது.

என் வீட்டுக்காரருக்குத் துப்பாக்கி பிடிக்காது. பெட்டி வாங்கிப் பதித்த பிறகுதான் சரி என்றார், அது நியாயமான நிபந்தனை. ஊரிலிருந்து வந்த மாமியார் மட்டும் என்னைவிடத் தைரியம். ஆயுத பூஜைக்கு என் ஸ்டெதஸ்கோப், அவர் மகனின் லேப்டாப், அரிவாள்மனை எல்லாம் வைத்துவிட்டு, "அந்த ரைஃபிளையும் எடுத்துட்டு வாம்மா, அதுவும் ஆயுதந்தான" என்றார். போல்ட்டைத் திறந்து, அறைக்குள் தோட்டா இல்லை என்று காட்டும் ஆரஞ்சு நிறக் கொடியைச் செருகி, எல்லோரும் பார்த்த பிறகு வைத்தோம். சந்தனம் கட்டையில் மட்டும் இட்டோம். இரும்பில் பட்டால் துரு பிடிக்கும்.

விசா விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கிரீன் கார்டு இருந்தால் குடிமக்களைப் போலவே வாங்கலாம். நான் நர்ஸ் வேலைக்குக் கிரீன் கார்டோடு வந்ததால் எனக்குச் சிக்கல் இல்லை. கடையில் 4473 என்ற படிவம் நிரப்பும்போது கிரீன் கார்டில் இருக்கும் ஏலியன் நம்பரையும் எழுத வேண்டும். எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ஏதாவதொரு மாநிலம் தந்த, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருப்பது முக்கியமான விதிவிலக்கு. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதற்கும் இதே விதிதான். நண்பர்கள் சேர்ந்து வார இறுதியில் ஜாலியாகப் போய்ச் சுட்டுவிட்டுப் படம் போடுகிறார்கள். துப்பாக்கிக் குற்றம் நாட்டை விட்டு வெளியேற்றக் காரணமாகலாம். தயவுசெய்து முதலில் வக்கீலிடம் கேளுங்கள். கஞ்சா சில மாநிலங்களில் சட்டப்படி கிடைத்தாலும், அதைப் பயன்படுத்துபவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. படிவத்தில் பொய் சொல்வது தனிக் குற்றம்.

வாங்கிய பிறகு எங்கே பழகுவது? ஆப்பிள்சீட் என்று ஒரு பயிற்சி இருக்கிறது. 2006-இல் தொடங்கியது, சொல்லித் தருபவர்கள் எல்லோரும் தொண்டர்கள். இரண்டு நாள் வகுப்பு. தூரம் இருபத்தைந்து மீட்டர்தான், ஆனால் நானூறு கெஜத்தில் ஆள் எவ்வளவு சின்னதாகத் தெரிவாரோ அந்த அளவுக்குச் சுருக்கிய டார்கெட் வரை வைப்பார்கள். நின்று, உட்கார்ந்து, குப்புறப் படுத்து, கையில் வாரைச் சுற்றிச் சுட வேண்டும். 250-க்கு 210 எடுத்தால் ரைஃபிள்மேன் என்று ஒரு துணிப் பட்டை தருவார்கள். அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் கையில் 10/22-தான். இடையிடையே 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் நடந்த, அமெரிக்கப் புரட்சிப் போரின் முதல் சண்டையைக் கதையாகச் சொல்வார்கள். இன்றைய கட்சி அரசியலை அங்கே பேசக் கூடாது என்பது விதி, அதை மதிக்கிறார்கள். என் மகளும் நானும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்தோம். இடப்பக்கம் பெரிய தொப்பி போட்ட ஒரு விவசாயி, வலப்பக்கம் ஆஸ்டினில் ஆசிரியையாக இருக்கும் ஒரு பெண். இரண்டு பேரும் நேரெதிர் கட்சிக்கு ஓட்டுப் போடுபவர்கள் என்பது மத்தியானச் சாப்பாட்டில் தெரிந்தது. அந்த ஆசிரியையின் முழங்கை சரியாக ஊன்றவில்லை என்று விவசாயி சுட்டிக்காட்ட, அடுத்த சுற்றில் அந்த ஆசிரியையின் குண்டுகள் எல்லாம் ஒரு ரூபாய் நாணய அளவில் கூடின.

சுத்தம் செய்வதில் ஒரு தொல்லை: ரிசீவரின், அதாவது போல்ட் உட்காரும் உடல்பகுதியின், பின்புறம் மூடியிருப்பதால் என் மாடலில் பேரலைப் பின்னாலிருந்து கம்பி விட்டுத் துடைக்க முடியாது. முன்னாலிருந்து கம்பி விட்டால் வாய் தேயும். அறைப் பக்கமிருந்து இழுக்கும் கயிறு மாதிரி ஒன்று விற்கிறது, அது போதும். .22-க்குப் பேரலை அடிக்கடி துடைக்க வேண்டியதில்லை, போல்ட் முகத்தில் சேரும் கரியை மட்டும் விடாதீர்கள்.

விலை மாடலைப் பொறுத்து ஏறக்குறைய முந்நூறு டாலரில் தொடங்கும். பாதியாகக் கழற்றிப் பையில் வைக்கும் டேக்டவுன் மாடல் அதைவிடக் கூட. அபார்ட்மெண்டில் சின்னப் பெட்டிதான் வைக்க முடியும் என்பவர்களுக்கு அது நல்லது. மற்றவர்கள் மரக்கட்டை கார்பைனோ காம்பாக்ட்டோ வாங்குங்கள், கூடுதலாக இரண்டு பத்துத் தோட்டா மேகசின், ஒரு காதுக்கவசம், ஒரு கண்ணாடி, ஒரு எஃகுப் பெட்டி. ஸ்கோப் இப்போது வேண்டாம். ஒரு வருடம் இதில் பழகிவிட்டு, அதற்குப் பிறகும் 9 எம்.எம். வேண்டும் என்று தோன்றினால் என்னிடம் வாருங்கள், நானே கடைக்குக் கூட வருகிறேன்.